உப்புக்கரையில் துணி துவைத்தவர்கள்

1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் குடியேறிய ஆங்கிலேயர், அமெரிக்கக் கிழக்குக் கரையில் தண்ணீருக்கும் சலவைக்கும் என்ன செய்தார்கள்? வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கே: ஆற்றங்கரையிலேயே இருந்துகொண்டு ஜேம்ஸ்டவுன்காரர்கள் தண்ணீருக்கு ஏன் தவித்தார்கள்?

ப: அங்கே ஜேம்ஸ் ஆற்றில் கடல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் உப்பு, வற்றத்தில் சேறு. முதல் கோடையில் 104 பேரும் அதைத்தான் குடித்தார்கள். கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறைய, அவர்கள் கழித்த அழுக்கும் கடலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றியது. செப்டம்பருக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். பசியும் உண்டு, ஆனால் நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். கிணறு பிறகுதான் வந்தது.

கே: கிணற்றடியில் துவைத்தார்களா?

ப: 1612இல் அச்சான அவர்களின் சட்டத்தில், கோட்டை வேலிக்குள்ளும் அதிலிருந்து 40 அடிக்குள்ளும் தெருவில் அழுக்குத் துணி துவைக்கக் கூடாது, கிணற்றுக்கு 20 அடிக்குள் பானை சட்டி கழுவக் கூடாது. தடை போடுகிறார்கள் என்றால் அதுவரை அங்கேதான் நடந்திருக்கும்!

கே: கடல்நீரில் துவைத்தால் என்ன?

ப: அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியவைத்து, பிசுக்காகத் துணியில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளிமத்தில் குடியேறியவர்கள் வந்த மேஃபிளவர் கப்பலில் இரண்டு மாதத்துக்கு மேல் அடைந்து கிடந்த பெண்கள், பழைய நாட்காட்டிப்படி 1620 நவம்பர் 13, திங்களன்று கேப் காட் கரையில் இறங்கித் துவைத்தார்கள். குழந்தைத் துணிகளை நினைத்துப் பாருங்கள்.

கே: சோப்புக்கு எங்கே போனார்கள்?

ப: பெரும்பாலும் சாம்பல்தான். அடியில் துளையிட்ட மரத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, மரச்சாம்பலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் பழுப்பாகக் காரநீர் சொட்டும். அதில் ஒரு முட்டையைப் போடுவார்கள். உச்சியில் ஒரு நாணய அளவு வெளியே தெரிய மிதந்தால் காரம் போதும். மூழ்கினால் அந்த நீரையே மறுபடி சாம்பலில் ஊற்ற வேண்டும். பிறகு துணியைத் தொட்டியில் அடுக்கி, காரநீரைச் சுடச்சுடத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். நம்மூர் வெள்ளாவியில் உவர்மண் செய்த வேலை இது. கொழுப்போடு காய்ச்சினால் சோப்பும் வரும், ஆனால் கூழாக. சாம்பலில் இருப்பது பொட்டாசியம், அது கட்டியாகாது.

கே: எல்லாத் துணியையும் இப்படியா?

ப: லினன் துணிகளை மட்டும். கம்பளியைத் தட்டி, துடைத்து வைத்துக்கொள்வார்கள்.

கே: விடாப்பிடிக் கறைக்கு?

ப: முகம் சுளிக்காதீர்கள்: சட்டியில் சேர்த்துப் புளிக்கவைத்த சிறுநீர். நாள்பட்டால் அதில் அம்மோனியா உண்டாகும். ஊறவைத்துக் கசக்கினால் கறை போகும். நாற்றம் போக அலசுவதற்குத்தான் நல்ல தண்ணீர் வேண்டும்.