முனை தடிப்பாக வருவது லேத்தின் கோளாறு அல்ல

நண்பரே, 8 மி.மீ. எஃகுக் கம்பியை 80 மி.மீ. நீட்டிக் கடைந்தால் சக் (கம்பியை இறுகப் பிடிக்கும் பகுதி) பக்கம் அளவு சரியாகவும் முனை 0.1 மி.மீ. தடிப்பாகவும் வருகிறது என்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு லேத்தின் தலைப்பகுதியைக் கழற்றிவிடாதீர்கள்! கம்பிதான் வெட்டும் டூலின் அழுத்தத்துக்கு விலகி வளைகிறது, அதனால் முனையில் குறைவாகச் சீவப்படுகிறது. நீட்டம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும்.

சோதிப்பது எளிது: கட் ஆழத்தைக் கூட்டாமல் அதே அளவில் இன்னொரு முறை ஓட்டுங்கள். முனைப் பக்கம் மீண்டும் சீவல் வந்தால் இதுதான் காரணம்.

முனையின் நடுவில் சிறு சென்டர் துளை போட்டு, லேத்தின் எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கால் தாங்குங்கள். டூல் நுனியின் உருண்டை ஆரம் சிறியதாக, 0.2 மி.மீ. அளவில் இருக்கட்டும், பெரிய ஆரம் கம்பியை இன்னும் தள்ளும். மழுங்கிய டூலும் அப்படித்தான். அதன் பிறகும் நடுவில் புடைத்தால் டூலோடு நகரும் தாங்கி தேவைப்படும்.