நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் மழைக்காலக் காய்ச்சல்

கேள்வி: சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேர். சென்ற ஆண்டு நவம்பரில் ஒருத்திக்கு வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் வந்து, பக்கத்து அறைகளுக்கும் பரவியது. கடுமையான உடம்பு வலியோடும் இருமலோடும் செமஸ்டர் தேர்வு எழுதினேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மூன்று நாள் சாப்பிட்டும் பலனில்லை. இந்த ஆண்டு தப்பிக்க என்ன வழி? வைட்டமின் மாத்திரை உதவுமா? தடுப்பூசி தேவையா? அறைத்தோழி ஒருத்திக்கு ஆஸ்துமா இருப்பதால் அவளை நினைத்தும் பயமாக இருக்கிறது.

பதில்: திடீர்க் காய்ச்சல், அடித்துப் போட்டது போன்ற உடம்பு வலி, இருமல், ஒரே வாரத்தில் அறை முழுவதும் பரவியது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சலாக இருந்திருக்கும். சென்னையில் இது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகமாகப் பரவுகிறது. உங்கள் செமஸ்டர் தேர்வும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பதறாமல் இப்போதே தயாராகுங்கள்.

மழையில் நனைந்ததால் காய்ச்சல் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். நனைவதால் மட்டும் ஃப்ளூ வராது. அதற்கு வைரஸ் வேண்டும். ஆனால் மழை பெய்தால் ஜன்னலை மூடுகிறோம். மாலையானால் கொசுவுக்குப் பயந்து மூடுகிறோம். ஈரத் துணியையும் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். நான்கு பேர் இரவு முழுவதும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் அந்த அறைதான் வைரஸுக்கு வசதியான இடம். அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ளூ பாதித்தவர்களின் மூச்சுக் காற்றைச் சேகரித்துப் பரிசோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். இருமாமல் தும்மாமல் வெறுமனே மூச்சு விட்டபோதும் சிலரிடமிருந்து உயிருள்ள வைரஸ் நுண்துளிகளில் வெளிவந்தது. நீங்கள் எவ்வளவு கவனமாகக் கை கழுவினாலும் அறைக் காற்று மாறாவிட்டால் பாதி வேலை மிச்சமிருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே என் முதல் ஆலோசனை ஜன்னலைப் பற்றியது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தரும்படி நான்கு பேரும் சேர்ந்து வார்டனிடம் எழுத்தில் கேளுங்கள். அதிகச் செலவில்லாத வேலை இது. டெங்குவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. அதுவரை பகலில் ஜன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் ஒருசேரத் திறந்து வைத்தால் காற்று ஊடுருவிப் போகும். மின்விசிறி மட்டும் ஓடினால் உள்ளே இருக்கும் காற்றேதான் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டில்களில் ஒருவர் தலைமாட்டுக்கு நேராக அடுத்தவர் கால்மாடு வரும்படி மாற்றிப் படுங்கள்.

முகக்கவசத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். 2006-07 ஃப்ளூ பருவத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. முகக்கவசமும் கைச்சுத்தமும் சேர்ந்து கடைப்பிடித்த மாணவர்களிடம், நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை, ஃப்ளூ போன்ற நோய் 35 முதல் 51 சதவீதம் வரை குறைவாக இருந்தது. அறையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும் அவரும் மற்றவர்களும் முகக்கவசம் அணியலாம். டம்ளர், துண்டு, போர்வை தனித்தனியாக இருக்கட்டும். மெஸ்ஸில் கரண்டி பிடித்த கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

வைட்டமின் சி மாத்திரை ஃப்ளூவைத் தடுக்காது. அந்தப் பணத்தில் கொய்யாவும் முட்டையும் வாங்கிச் சாப்பிடுங்கள். தூக்கத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். அமெரிக்காவில் 153 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 8 மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிட, 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அது ஃப்ளூ வைரஸ் அல்ல என்றாலும், விடிய விடியப் படிக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். வைரஸ் உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பருவத்துக்குப் பொருந்தி அமைந்தால், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும்; செப்டம்பருக்குள் போடுவது நல்லது, தவறியிருந்தால் இப்போதும் போடலாம். செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் ஊசியால் ஃப்ளூ வராது. கை வலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், வகுப்புக்குப் போகாதீர்கள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பிறருக்குப் பரவும். முதல் மூன்று நாள்தான் மிக அதிகம். பாராசிட்டமால் இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காதிருந்த பிறகு போங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடும் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மாணவர்கள் மீது கோபம் வருவதில்லை. அவர்களுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்த விதிமுறை மீதுதான் வருகிறது. காய்ச்சல் நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழை ஏற்றுக்கொள்வதும், விடுதியில் ஓர் அறையை நோயாளிகளுக்கென ஒதுக்குவதும் கல்லூரிகள் செய்ய வேண்டிய கடமை.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மருத்துவர் சொல்லாமல் இனி வாங்காதீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வலி மாத்திரையில் இருக்கிறது. இதே மழைக்காலத்தில் டெங்குவும் வரும். தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம். பாராசிட்டமால் போதும். ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருப்பதால், அட்டையைப் படித்து, அளவு இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்த தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறில் ரத்தம், குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நள்ளிரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் தோழிக்குத் தடுப்பூசி மிக அவசியம். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடக் கூடாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுக்கத் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவருடைய இன்ஹேலர் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அறையில் மற்ற மூவரும் இன்றே கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.