வணிக நிறுவனத்துக்கு எந்தக் கண்டெய்னர் மேலாண்மைத் தளம் ஏற்றது?

மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டியதே கண்டெய்னர். பொதிகள் பெருகும்போது எதை எந்தச் சர்வரில் இயக்குவது, ஒன்று நின்றால் மாற்றை எப்படி எழுப்புவது என்பதை மேலாண்மைத் தளம் கவனிக்கிறது. தோவாளைப் பூச்சந்தையில் எந்தக் கூடை எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று தீர்மானித்து, வண்டி பழுதானால் வேறு வண்டிக்கு மாற்றிவிடுபவரின் வேலை அது.

கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் என்னும் மேலாண்மைத் தளம் ஆற்றல் மிக்கது, ஆனால் பராமரிக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். அதன்மேல் கட்டப்பட்ட ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிஃப்ட் கட்டண ஆதரவுடன் வருகிறது. நாகர்கோவிலில் பில்லிங் மென்பொருள் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு கண்டெய்னர்களைக் கட்டி இயக்கும் டாக்கர் மென்பொருளின் சொந்த மேலாண்மைத் தளமான டாக்கர் ஸ்வார்மே போதும் என்பேன். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேலாளர் சர்வர்களை மட்டும் மூன்றாக வைக்க வேண்டும். அவை பெரும்பான்மையால் முடிவெடுப்பவை, இரண்டே இருந்து ஒன்று விழுந்தால் பெரும்பான்மை இல்லாமல் நிர்வாகம் முடங்கிவிடும்.

குபர்நெட்டிஸ் டாக்கருக்கு மாற்று என்று பலர் கருதுவது சரியன்று. டாக்கரில் கட்டிய பொதிகளைக் குபர்நெட்டிஸும் இயக்கும்.