மைக் பிடிப்பவரின் பிழைப்பு

ஐயா, வணக்கம். செந்தூலில் இருக்கிறேன். கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளராகப் போகிறேன். கூட்டத்தை நன்றாகச் சிரிக்க வைப்பேன். தொலைக்காட்சியில் வினாடி வினா நடத்த வேண்டும் என்பது ஆசை. ‘வாய்ப்பேச்சு சோறு போடுமா?’ என்கிறார் அப்பா. நீங்கள் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

போடும். அமெரிக்காவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த பாட் சஜாக் 1981-ல் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியை நடத்த வந்தார், 2024-ல்தான் விடைபெற்றார். ஆனால் அப்படி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இடம் காலியாக ஒரு தலைமுறை ஆகும். நம் ஊர்த் தமிழ்த் தொலைக்காட்சியில் இடமே குறைவு. விருந்து வேலையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு உறுத்தியது, ‘சிரிக்க வைப்பேன்’ என்றீர்களே, அதுதான். ‘ஜெப்பர்டி’ என்ற அமெரிக்க வினாடி வினாவை நடத்திய அலெக்ஸ் டிரெபெக்கைப் பாருங்கள். 1984 முதல் 2020-ல் இறக்கும்வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். ஒரே நாளில் ஐந்து ஒளிப்பதிவு. ஒவ்வொன்றிலும் 61 கேள்விகள் வரை. அவர் கடைசிச் சொல்லை முடித்த பிறகுதான் பதில் சொல்லப் போட்டியாளர் அழுத்தும் பொத்தான் வேலை செய்யும். முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். அவர் நாக்கு குழறினால் நஷ்டம் போட்டியாளருக்கு. அதனால் ஒளிப்பதிவுக்கு முன்பே எல்லாக் கேள்விகளையும் படித்து உச்சரிப்பைக் குறித்துக்கொள்வார். தன்னை நட்சத்திரம் என்று அறிமுகப்படுத்த வேண்டாம், நடத்துநர் என்றால் போதும் என்றும் கேட்டுக்கொண்டவர்.

தமிழிலும் பார்த்திருப்பீர்கள். ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’யில் 2020-ல் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண் ஒரு கோடி வென்றார். அந்த மேடையில் உங்கள் அடுக்குமொழி என்ன செய்யும்?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விருந்து. அறிவிப்பாளர் ஒரு பாட்டியிடம் மைக்கை நீட்டி, பழைய பாட்டு ஒன்றின் முதல் வரியைச் சொல்லி அடுத்த வரியைக் கேட்டார். பாட்டி கண்ணை மூடி யோசித்தார். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, ‘பாட்டி தூங்கிட்டாங்க!’ என்றார் இவர். மண்டபமே சிரித்தது. பாட்டி வாயைத் திறந்தார், மைக் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. அந்த அறிவிப்பாளருக்கு அன்று நல்ல கைதட்டல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த விருந்தில் கேள்வியை, நடுவில் எதையும் சேர்க்காமல் கடைசிவரை வாசியுங்கள். அப்புறம் அவர் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். வீட்டில் 61 கேள்விகளை ஒரே மூச்சில் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். மலாய், சீனப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கேள்வித்தாளில் அவை வராமல் இருக்காது.