வெள்ளைக்காரன் தந்த பதக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து பர்மாவில் ஜப்பானியரோடு சண்டையிட்ட உம்ராவ் சிங் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வீரம் சரி. ஆனால் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டு, அவன் கையாலேயே விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வாங்கியவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? அதே பர்மாவில்தானே எதிர்ப்பக்கம் நேதாஜியின் படை நின்றது?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

நியாயமான கேள்விதான். மலாயா தோட்டங்களிலிருந்து ஐஎன்ஏவில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்த தமிழர்களை நினைக்கும்போது எனக்கும் இது உறுத்தும். ஆனாலும் 1939இல் பால்ரா கிராமத்திலிருந்து (இன்றைய ஹரியானா) பட்டாளத்துக்குப் போன உம்ராவ் சிங்கிடம், 'யாருக்காகப் போனாய்?' என்று இங்கே உட்கார்ந்துகொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

1944 டிசம்பர் 15, பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கு. ஒன்றரை மணி நேரம் குண்டு பொழிந்துவிட்டு ஜப்பானியர்கள் அவருடைய பீரங்கியைக் கைப்பற்ற வந்தார்கள். மற்றப் படைப்பிரிவுகள் தங்கள் கொடியை மானமாகக் காக்கும்; பீரங்கிப் படைக்குத் தனிக்கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி. அதை விட்டுவிட்டு வருவது அவர்களுக்குப் பெரிய அவமானம். ஹவில்தார் உம்ராவ் சிங் முதலில் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார். கையெறி குண்டுகளால் காயம்பட்டும் இடத்தை விடவில்லை. கடைசியில் தோட்டாக்கள் தீர்ந்ததும், பீரங்கியைத் தூக்கப் பயன்படும் கனத்த தடியை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார். ஆறு மணி நேரம் கழித்துத்தான் அவர் தரப்பு ஆட்கள் அங்கே திரும்ப முடிந்தது. தலையில் பட்ட காயத்தால் அவரை அடையாளமே தெரியவில்லை, நினைவும் இல்லை. தடியை மட்டும் விடவில்லை. சுற்றிலும் பத்து ஜப்பானியப் பிணங்கள். அந்தப் பீரங்கி அன்றே மறுபடி சுட்டது.

1945 அக்டோபரில் பக்கிங்காம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் கையால் பதக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்திலும் பணியாற்றினார். அப்புறம் ஊரில் சொந்த நிலத்தில் விவசாயம், அதுவும் சின்ன நிலம்தான். பதக்கத்தைப் பெரிய விலைக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். விற்றால், அது போரில் செத்தவர்களுக்கு அவமரியாதை என்பது அவர் கணக்கு.

உங்கள் கேள்விக்கு என்னிடமுள்ள பதில் 1995இல் இருக்கிறது. போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு லண்டன் போனார். முக்கிய விருந்தினர் பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். சட்டையில் குத்தியிருந்த பதக்கம் இன்னதென்று தெரிந்த ஒரு பிரிகேடியர் பார்த்த பிறகுதான் உள்ளே போனார். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரைச் சந்தித்தபோது, இந்தியாவில் இருக்கும் விக்டோரியா கிராஸ்காரர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகையைப் பற்றி நேராகவே முறையிட்டார். வருடத்துக்கு 168 பவுண்டு, அதாவது மாதம் 14 பவுண்டு. விசுவாசமான வேலைக்காரன் பேசுகிற பேச்சாகவா இது தெரிகிறது? எனக்குக் கடன்காரன் வீட்டு வாசலில் நின்று பாக்கியைக் கேட்கிறவர்தான் தெரிகிறார்.

தொகையை வருடத்துக்கு 1,300 பவுண்டாக உயர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டு இன்னும் பத்து வருடம் இருந்துவிட்டு, 2005 நவம்பரில் டெல்லியில் ராணுவ மருத்துவமனையில் இறந்தார்.