முதல் குளிர்காலத்தில் பெயருக்காகத் துணி வாங்காதீர்கள்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, டார்கெட் என்ற சங்கிலித்தொடர் கடையில் பெரிய டிசைனர் பெயரில் மலிவாகத் துணி வரப்போகிறதாம், விடிகாலையில் போய் நிற்கலாமா, அந்தக் கடையின் தள்ளுபடி அட்டை எடுக்கலாமா, டிரைவிங் லைசென்ஸுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் விஷயத்தை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துணியைப் பற்றி நான் சொல்கிறேன், தங்கச்சி.

2011 செப்டம்பர் 13, டார்கெட்டில் மிசோனி என்ற டிசைனர் நிறுவனத்தின் துணி வந்த நாள். நான் இங்கே வந்து ஐந்து வாரம். இத்தாலிக்காரர்களின் நெளிக்கோட்டுப் பின்னல், 3 டாலரிலிருந்து 600 டாலர் வரை சுமார் 400 பொருட்கள். கூட்டம் தாங்காமல் டார்கெட்டின் இணையதளமே அன்று முடங்கிப்போனது. நான் கடைக்கே போய் ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன், ஏறக்குறைய 50 டாலர். அன்றைய கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். வாடகைக்கே கணக்குப் பார்த்த மாதம் அது.

ஜனவரியில் அதே ஸ்வெட்டரும் மதுரையில் வாங்கிய குளிர் ஜாக்கெட்டுமாக பஸ்ஸுக்கு நின்றேன். மைனஸ் 20. விரல்கள் மரத்து, பையிலிருந்து சில்லறையை எடுக்க முடியவில்லை. நல்ல கோட் வாங்கக் கையில் காசு இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் கோட், பூட்ஸ், கையுறை. மிச்சம் இருந்தால் டிசைனர்.

இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள். டிசைனர் கொடுப்பது பெயரும் வடிவமும். துணியும் தையலும் டார்கெட் விலைக்குத் தகுந்தவை. டிசைனர் ஐசக் மிஸ்ராஹி 2003இல் டார்கெட்டோடு சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். அதில் தப்பில்லை, அழகான துணி சாதாரண மனிதர்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பருத்தியா, கம்பளியா, பாலியெஸ்டரா? தையல் நேராக இருக்கிறதா? நம் ஊர் ஜவுளிக்கடையில் அம்மாக்கள் புடவையை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை விமானத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

மறுவிற்பனைக்காரர்களிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். 2015 ஏப்ரல் 19 அன்று லில்லி புலிட்சர் என்ற டிசைனர் பிராண்டின் துணி டார்கெட்டில் வந்தபோது சில மணி நேரத்தில் அலமாரிகள் காலி, அன்றைக்கே எல்லாம் ஈபே இணையச் சந்தையில் கூடுதல் விலைக்கு. நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். பத்து எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வந்த பெண்களிடம் "எக்ஸ்ட்ரா ஒன்று இருக்கிறது" என்பார்கள். இன்னும் சிலர் விலைச்சீட்டை மறைத்து விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு, மறுநாள் கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டுமே எனக்கு ஆகாது. நம்மைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர்களை மதிப்பார்கள்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்வரை பொறுங்கள். 30, 50, 70 என்று தள்ளுபடி ஏறும், அலமாரி வரிசைகளின் கடைக்கோடியில் தேடுங்கள். பெரிய சைஸும் ரொம்பச் சின்ன சைஸும் தங்கும், வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த துணிகளும் வரும். நாம் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் துணிக்கு விற்பனை வரி இல்லை. டார்கெட் அட்டை எடுத்தால், வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போகும் டெபிட் வகையே போதும், அதிலும் 5 சதவீதம் குறையும். முதல் வருஷத்தில் கடன் வேண்டாம்.

அந்த ஜனவரியில் பழைய துணி விற்கும் கடையொன்றில் 15 டாலருக்கு ஒரு கறுப்புக் கம்பளிக் கோட் கிடைத்தது. இரண்டு பொத்தான் இல்லை. அடுத்த வருஷம் அம்மா வந்தபோது, தன் ரவிக்கைத் துணிப் பையிலிருந்து பொத்தான் எடுத்துத் தைத்துக் கொடுத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். இந்தக் குளிருக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.