மகளை வங்கி அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அனுப்பலாமா? தண்டையார்பேட்டைத் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பி.காம் முடித்த மகள் வங்கியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் அப்படியே வேலை நிரந்தரமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர்தான், ஊழியர் இல்லை. ஒரு வருடம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் அந்த வருடம் அவருக்குப் பெரிய முதலீடு. தெரியாமல் சேர்ந்தால் பதின்மூன்றாம் மாதம் வீட்டில் அழுகைதான்.

உதவித்தொகை பரவாயில்லை. இந்தியன் வங்கி 2025-இல் 1,500 பேரை அழைத்தபோது நகரக் கிளைக்கு மாதம் 15,000 ரூபாய், கிராம, சிறுநகரக் கிளைக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தது. வயது பொதுவாக 20 முதல் 28. முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: ஏற்கெனவே வேறு எங்காவது அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவரையும், ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவரையும் எடுக்க மாட்டார்கள். அதனால் கிடைத்த முதல் கம்பெனியில் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். இந்த வாய்ப்பு ஒரு முறைதான்.

கவுண்டரில் என்ன கற்றுக்கொள்வார்? வாடிக்கையாளர் சேவை என்றால் சிரித்துப் பேசுவது மட்டும் என்று நினைக்கிறார்கள். பாதி வேலை, தப்பைக் கண்ணால் பிடிப்பது. ஒருவர் பணம் அனுப்ப நெஃப்ட் சலான் நிரப்பிக் கொடுக்கிறார். வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் எழுத்தும் எண்ணுமாக 11 இடங்கள்; ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பலர் அங்கே ஆங்கில 'ஓ' எழுதிவிடுவார்கள். காசோலை வந்தால் தேதி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டதா, எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பெரிய தொகையை ரொக்கமாகக் கட்ட வந்தால், விதிப்படி தேவைப்படும்போது பான் எண் கேட்க வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பாட்டி பாஸ்புக்கை நீட்டி "பணம் ஏன் எடுக்க முடியல கண்ணு?" என்று கேட்டால், இரண்டு வருடமாக வரவு செலவே இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கிறது, கே.ஒய்.சி. ஆவணம் (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தால் மறுபடி இயங்கும் என்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இயல்பாக வரும். அது நிஜமான பலம், அதைக் குறைத்து எண்ணாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கூட்ட நேரத்தில் "என் பாஸ்வேர்டைப் போட்டு இந்த என்ட்ரியை முடிச்சிடும்மா" என்று யாராவது சொன்னால், மரியாதையாக மறுத்துவிட வேண்டும். பின்னால் கணக்கில் பிசகு வந்தால் விசாரணை உங்கள் மகளையும் விடாது.

நிரந்தர வேலைக்கு வழி, அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்க நடக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வு. கிளார்க் என்று நாம் சொல்லும் பதவிக்கு இப்போது 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடம், 100 கேள்விகள்: ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக 20 நிமிடம். தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழியும். பயிற்சியில் இருக்கும்போதே தினமும் மாலை இரண்டு மணி நேரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும். கிளை வேலையின் களைப்பில் படிப்பை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வங்கித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு, அதற்கும் விண்ணப்பிக்கட்டும்.

"முப்பதாயிரம் கட்டுங்க, வங்கியில் அப்ரண்டிஸ் வாங்கித் தரோம்" என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். தேர்வுக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட யாருக்கும் தர வேண்டியதில்லை. ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் இணையதளத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் அது பெரும்பாலும் கிரெடிட் கார்டு விற்கும் வேலையாக இருக்கும்.

மகள் படிக்கட்டும், சான்றிதழ் வேலையை நீங்கள் பாருங்கள். தகுதி இருந்தும் வாய்ப்பு போவது இங்கேதான். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் வங்கிக்குச் செல்லாது. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் மத்திய அரசு வடிவ ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கைக்கு வர நாளாகும். ஆதாரிலும் பட்டத்திலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தமிழ் படித்த மதிப்பெண் பட்டியல் இருந்தால் மொழித்தேர்வு பொதுவாகக் கிடையாது. பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்திருந்தால் தமிழ் எழுத, படிக்க, பேசச் சொல்வார்கள். கடைசியாக, உதவித்தொகையில் அரசின் பங்கு ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தாலே போதாது, மானியம் வாங்கும் கணக்காக அது பதிவாகியிருக்க வேண்டும். கிளையில் "ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.